போர் முடிந்த நாட்டுக்கு எந்த உதவி சரி? முதலில் சாவி யாரிடம் என்று பாருங்கள்

நேபாளத்தில் மாவோயிஸ்டுகளின் துப்பாக்கிகளைப் பூட்டி வைத்த விதம் எனக்கு ரொம்பப் பிடித்த கதை. 2006 நவம்பர் 21 அன்று சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது. பத்து வருஷம் மலையிலும் காட்டிலும் சண்டை போட்டவர்கள், ஆயுதத்தை யாரிடமும் ஒப்படைக்க மாட்டோம் என்றார்கள். துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓட்டுக் கேட்க வரக்கூடாது என்றன மற்ற கட்சிகள். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. கடைசியில் கப்பலில் சரக்கு ஏற்றுகிற இரும்புக் கன்டெய்னர்களை முகாம்களுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு துப்பாக்கியையும் எண் போட்டுப் பதிந்து, உள்ளே அடுக்கிப் பூட்டினார்கள். சாவி மாவோயிஸ்டுகளிடமே இருந்தது! ஐ.நா. வெளியே கேமராவும் சைரனும் வைத்தது. கதவைத் திறந்தால் அலறும், அவ்வளவுதான். கண்காணிக்க வந்தவர்களிடம் ஒரு பிஸ்டல்கூடக் கிடையாது. அவர்கள் முழுசாக வந்து சேரும்வரை ஓய்வுபெற்ற கூர்க்கா வீரர்களை வைத்தே ஓட்டினார்கள். 3,475 ஆயுதங்கள் இப்படி உள்ளே போயின. அதற்கு ஈடாக நேபாள ராணுவமும் தன் ஆயுதங்களில் ஒரு பகுதியைப் பூட்டி வைத்தது.

நினைத்திருந்தால் அரை மணி நேரத்தில் திறந்து எடுத்திருக்கலாம். எடுத்தால் ஊர் உலகத்துக்கெல்லாம் தெரிந்துவிடும் என்பதுதான் அந்தப் பூட்டின் பலம்.

போர் ஓய்ந்த நாடு ஒன்று வெளியாரிடம் உதவி கேட்கும்போது பேச்சு பெரும்பாலும் எத்தனை கோடி டாலர், எத்தனை ஆயிரம் படையினர், எந்த மாதம் தேர்தல் என்றே போகிறது. கருவூலத்தின் சாவி, ஆயுதக் கிடங்கின் சாவி, சட்டத்தில் கையெழுத்துப் போடுகிற பேனா, இந்த மூன்றும் யாரிடம் இருக்கப் போகின்றன என்று முதலிலேயே கேட்டிருந்தால் பல நாடுகளின் கதை வேறு மாதிரி போயிருக்கும் என்பது என் கட்சி. கடந்த முப்பது, முப்பத்தைந்து வருஷத்தில் உலகம் முயன்று பார்த்த வழிகளைத் தோராயமாக நான்காகப் பிரிக்கலாம். எல்லாவற்றையும் வெளியார் கையில் கொடுத்துவிடுவது. உள்ளூர் ஆட்சியை வைத்துக்கொண்டு அதன் தலைக்கு மேல் ஒரு வெளிநாட்டு அதிகாரியை உட்கார வைப்பது. தேர்தலை மட்டும் நடத்திக் கொடுக்கச் சொல்லிவிட்டு அனுப்பி வைப்பது. இன்ன வேலை, இத்தனை காலம் என்று அளந்து கேட்பது. எனக்கு நான்காவதுதான் பிடிக்கும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் மற்றவற்றைத் தள்ளிவிடுவது அவ்வளவு சுலபமில்லை.

எல்லாவற்றையும் கொடுத்துவிட்ட நாடு என்றால் கிழக்குத் தீமோர். 1999 ஆகஸ்ட் 30 அன்று நடந்த வாக்கெடுப்பில் 78.5 சதவீதம் பேர் இந்தோனேசியாவை விட்டுப் பிரிய வாக்களித்தார்கள். அதற்குப் பழிவாங்க, இந்தோனேசிய ராணுவத்தின் ஆதரவில் இயங்கிய ஆயுதக் குழுக்கள் ஊர் ஊராக எரித்தன. அலுவலகம், பள்ளி, நீதிமன்றம், பதிவேடு, மின்கம்பி என்று ஒன்றும் மிச்சமில்லை. ஆசிரியர், எழுத்தர், நீதிபதி என்று அரசு வேலை பார்த்தவர்களில் நிறையப் பேர் இந்தோனேசியர்கள், அவர்களும் கிளம்பிவிட்டார்கள். அக்டோபரில் ஐ.நா. பாதுகாப்புச் சபை சட்டம் இயற்றுவது, நிர்வாகம் செய்வது, நீதி வழங்குவது என்று மொத்த அதிகாரத்தையும் தன் இடைக்கால நிர்வாகத்துக்கு எடுத்துக்கொண்டது. அதன் தலைவர் செர்ஜியோ வியேரா டி மெல்லோ என்ற பிரேசில்காரர். 2003-ல் பாக்தாத் ஐ.நா. அலுவலகக் குண்டுவெடிப்பில் இறந்தாரே, அவர்தான்.

நீதிமன்றம் நடத்த ஆள் வேண்டும். சட்டம் படித்தவர்கள் யாராவது இந்த ஊரில் இருக்கிறீர்களா, இருந்தால் வந்து பாருங்கள் என்று விமானத்திலிருந்து துண்டு நோட்டீஸ் போட்டார்கள். நிஜமாகத்தான். வந்தவர்களில் யாரும் அதற்கு முன் நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. 2000 ஜனவரியில் முதல் நீதிபதிகள் பதவியேற்றார்கள். அந்த நீதிமன்றத்தில் தேத்துன், போர்த்துகீசியம், இந்தோனேசிய மொழி, ஆங்கிலம் என்று நான்கு மொழி. சாட்சி ஒரு மொழியில் பேச, சட்டப் புத்தகம் இன்னொரு மொழியில் இருக்க, நடுவில் மொழிபெயர்ப்பாளர் வியர்த்துக்கொண்டிருப்பார். இப்படிப்பட்ட இடத்தில் உள்ளூர்க்காரர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்வது அழகாக இருக்கும், நடக்காது. அரசு என்ற ஒன்றே இல்லாத இடத்தில் முதல் வழியைத் தவிர வேறு வழி இல்லை, அதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் டிலி துறைமுகத்தில் ஒரு மிதக்கும் ஓட்டல் நின்றது. எரிந்த ஊரில் தங்க இடமில்லாததால் வெளிநாட்டு அலுவலர்கள் அங்கே தங்கினார்கள். ராத்திரி கரையில் இருட்டு, தண்ணீரில் விளக்கு. விடுதலைக்காக இருபத்துநான்கு வருஷம் போராடியவர்கள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதலில் பதினைந்து பேர் ஆலோசனைக் குழு ஒன்று அமைத்தார்கள், ஆனால் முடிவு டி மெல்லோவுடையது. முணுமுணுப்பு பெரிதானதும் 2000 ஆகஸ்டில் பாதி தீமோர்காரர், பாதி வெளியார் என்று அமைச்சரவை வந்தது. 2001-ல் 88 பேர் கொண்ட அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்தல், 2002 மே 20 விடுதலை. மொத்தமாகப் பார்த்தால் இரண்டரை வருஷம். இந்த அவசரத்தில் நான் குறை காண்பது ராணுவத்தையும் போலீஸையும் கட்டிய விதத்தில்தான். 2006-ல், பாரபட்சம் என்று முறையிட்ட கிட்டத்தட்ட 600 ராணுவ வீரர்களை வேலையிலிருந்து நீக்கினார்கள். ராணுவமும் போலீஸும் தலைநகரில் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டன, சுமார் ஒன்றரை லட்சம் பேர் வீடு விட்டு ஓடினார்கள், பிரதமர் பதவி விலகினார், ஐ.நா. திரும்பப் பெரிய அளவில் வந்து 2012 கடைசி வரை இருந்தது.

அப்புறம் தீமோர் எழுந்து நின்றது. தேர்தல்களைச் சொந்த ஆட்களே நடத்துகிறார்கள், ஆட்சியில் இருப்பவர் தோற்கிறார், இறங்குகிறார். எண்ணெய்ப் பணத்தைத் தனி நிதியில் போடும் சட்டத்தை 2005-லேயே செய்துகொண்டார்கள். நீதிமன்றம் மட்டும் கடைசிவரை வெளியாரை நம்பியே ஓடியது. 2014 அக்டோபரில் வெளிநாட்டு நீதிபதிகள் அத்தனை பேரின் ஒப்பந்தத்தையும் ஒரே அடியில் ரத்து செய்து அனுப்பினார்கள். பதினைந்து வருஷம் ஒரு நாற்காலியில் வெளியார் உட்கார்ந்திருந்தால் அந்த நாற்காலி உள்ளூர்க்காரருக்குப் பழகாது. முதல் வழியின் நிஜமான விலை இதுதான். டாலர் கணக்கில் இது வராது.

இரண்டாவது வழிக்குப் போஸ்னியா. அமெரிக்காவின் டேட்டன் விமானப்படைத் தளத்தில் மூன்று வாரம் கதவைச் சாத்திக்கொண்டு பேசி, 1995 டிசம்பர் 14 அன்று பாரிஸில் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் நான்காவது இணைப்புதான் அந்த நாட்டின் அரசியலமைப்புச் சட்டம். ஆமாம், ஒரு சமாதான ஒப்பந்தத்தின் பின்னிணைப்பு. பத்தாவது இணைப்பில் உயர் பிரதிநிதி என்று ஒரு பதவி. 1997 டிசம்பரில் பான் நகரக் கூட்டத்தில் அவருக்குச் சட்டம் போடவும், தேர்ந்தெடுக்கப்பட்டவர்களையே பதவி நீக்கவும் அதிகாரம் கொடுத்தார்கள்.

இந்த வழியைத் திட்டுவது இப்போது வழக்கம். ஆனால் நம்பர் பிளேட் கதையைக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பீர்கள். போருக்குப் பின் மூன்று தரப்பும் தனித்தனி நம்பர் பிளேட் வைத்திருந்தன. வண்டியைப் பார்த்த உடனே இவன் எந்த ஆள் என்று தெரிந்துவிடும், அடுத்த பகுதிக்குள் போனால் போலீஸ் நிறுத்தும் அல்லது கல் விழும். நாடாளுமன்றத்தில் பேசிப் பேசிப் பார்த்தும் பொதுப் பிளேட்டுக்கு ஒருவரும் சம்மதிக்கவில்லை. 1998-ல் உயர் பிரதிநிதி கார்லோஸ் வெஸ்டன்டார்ப் ஒரு உத்தரவு போட்டார். லத்தீன் எழுத்திலும் சிரிலிக் எழுத்திலும் ஒரே மாதிரி இருக்கும் ஏ, ஈ, ஜே, கே, எம், ஓ, டி ஆகிய எழுத்துகளை மட்டும் வைத்துப் புது பிளேட், ஊர்க் குறியீடு எதுவும் இல்லாமல். வண்டியின் சொந்தக்காரர் செர்பியரா, குரோட்டா, போஸ்னியாக் எனப்படும் போஸ்னிய முஸ்லிமா என்று கண்டுபிடிக்க முடியாது. அதுவரை ஊரைத் தாண்டாத ஜனங்கள் சாலையில் இறங்கினார்கள். நூறு கருத்தரங்கு சாதிக்காததை ஒரு தகரத் துண்டு சாதித்தது. கொடியும் அப்படித்தான்: நாகானோ குளிர்கால ஒலிம்பிக் தொடங்கச் சில நாளே இருக்கும்போது அவரே தேர்ந்தெடுத்து அறிவித்தார். மத்திய வங்கிக்கு முதல் ஆளுநர் அந்த நாட்டுக்காரராகவோ அண்டை நாட்டுக்காரராகவோ இருக்கக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டதால், அந்தப் பதவியில் பல வருஷம் ஒரு நியூசிலாந்துக்காரர் இருந்தார். பணம் நிலையாக நின்றது. இன்றைக்கும் போஸ்னியாவில் ஓரளவு எல்லோரும் நம்பும் நிறுவனம் எது என்றால் மத்திய வங்கியைத்தான் நான் சொல்வேன்.

பிரச்சினை எங்கே வந்தது? பேனாவைக் கீழே வைக்க யாருக்கும் மனசு வரவில்லை. 2004 ஜூனில் அப்போதைய உயர் பிரதிநிதி பேடி ஆஷ்டவுன் ஒரே நாளில் சுமார் 60 செர்பிய அதிகாரிகளையும் அரசியல்வாதிகளையும் வீட்டுக்கு அனுப்பினார், மேல்முறையீடு கிடையாது. அவர்களில் போர்க் குற்றவாளிகளுக்குத் துணைபோனவர்கள் இருந்திருக்கலாம், ஆனால் விசாரணை இல்லாமல் தண்டிப்பதைக் காட்டி ஒரு நாட்டுக்குச் சட்டத்தின் ஆட்சியை எப்படிக் கற்றுக்கொடுப்பது? அதோடு உள்ளூர் அரசியல்வாதிக்கு இது ரொம்ப வசதி. கசப்பான சட்டம் எதற்கும் நான் கை தூக்க வேண்டாம், உயர் பிரதிநிதி எப்படியும் போட்டுவிடுவார், நான் ஊருக்குப் போய் அவரைத் திட்டி ஓட்டு வாங்கிக்கொள்ளலாம். டேட்டன் சட்டப்படி குடியரசுத் தலைமைக்கு ஒரு போஸ்னியாக், ஒரு குரோட், ஒரு செர்பியர் மட்டுமே நிற்க முடியும். யூதரும் ரோமா (ஜிப்ஸி) இனத்தவரும் நிற்கவே முடியாது. இது பாகுபாடு என்று 2009 டிசம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகியும் திருத்தியபாடில்லை. 2022 அக்டோபரில் வாக்குப்பதிவு முடிந்த அன்று ராத்திரியே அப்போதைய உயர் பிரதிநிதி தேர்தல் சட்டத்தில் மாற்றம் அறிவித்தார். இருபத்தேழு வருஷம் கழித்தும்!

என் கணிப்பு: இரண்டாவது வழியை எடுப்பதென்றால் பேனாவால் எதில் எழுதலாம் என்று பட்டியல் போட்டுக் கொடுக்க வேண்டும். நம்பர் பிளேட், நாணயம், கடவுச்சீட்டு, வங்கி. யார் தலைவர் என்பதில் அந்தப் பேனா எழுதக்கூடாது. ஒப்பந்தத்திலேயே கடைசித் தேதியும் வேண்டும்.

மூன்றாவது வழி பார்க்க மலிவு, உண்மையில் பல நேரம் அதுவும் மலிவில்லை. கம்போடியாவுக்கு 1992, 93-ல் ஐ.நா. சுமார் 160 கோடி டாலர் செலவிட்டு, படை, போலீஸ், அலுவலர் எல்லாம் சேர்த்து இருபதாயிரத்துக்கும் அதிகமானவர்களை இறக்கியது. தலைவர் யசூஷி அகாஷி. நம்மில் பலருக்குப் பழகிய பெயர். பிற்பாடு இலங்கை சமாதானப் பேச்சுக் காலத்தில் ஜப்பானின் சிறப்புத் தூதராக கொழும்புக்கும் கிளிநொச்சிக்கும் வந்துபோனவர். 1993 மே மாதத் தேர்தல் அற்புதமாக நடந்தது. உங்கள் வாக்கு ரகசியம், யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று ஐ.நா. வானொலி திரும்பத் திரும்பச் சொன்னது, கெமர் ரூஜ் ஆயுதக் குழு மிரட்டியும் கிட்டத்தட்ட 90 சதவீதம் பேர் வந்து ஓட்டுப் போட்டார்கள். இளவரசர் ரணரித் கட்சிக்கு 58 இடம், அதுவரை ஆட்சியில் இருந்த ஹுன் சென் கட்சிக்கு 51.

தோற்ற ஹுன் சென் இறங்கவில்லை. கிழக்கு மாகாணங்களைப் பிரித்துக்கொண்டு போவோம் என்று அவர் பக்கத்து ஆட்கள் கிளம்பினார்கள். கடைசியில் ஒரு நாட்டுக்கு இரண்டு பிரதமர்கள் என்று சமரசம். 1997 ஜூலையில் இரண்டாம் பிரதமர் ஹுன் சென் முதல் பிரதமர் ரணரித்தைத் துப்பாக்கி முனையில் விரட்டினார். 2017-ல் எதிர்க்கட்சியை நீதிமன்றம் கலைத்தது, 2018-ல் 125 இடங்களும் ஒரே கட்சிக்கு, 2023-ல் பிரதமர் நாற்காலி மகனுக்கு.

கம்போடியாவுக்கான 1991 பாரிஸ் ஒப்பந்தப்படி பாதுகாப்பு, நிதி, உள்நாட்டுப் பாதுகாப்பு, வெளியுறவு, தகவல் ஆகிய ஐந்து துறைகளையும் ஐ.நா. நேரடிக் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும். அது காகிதத்தில் இருந்தது. ஐ.நா. அதிகாரி அமைச்சகத்துக்குப் போனால் மரியாதையாக நாற்காலி போட்டு உட்கார வைத்திருப்பார்கள். முடிவு வேறு அறையில் நடந்திருக்கும். மாவட்ட அலுவலகம், போலீஸ், நீதிபதி, வரி வசூல் எல்லாம் பழைய கட்சியின் ஆட்களே. ஆயுதக் களைவு பாதியில் நின்றுபோயிருந்தது. இந்த நிலையில் ஓட்டுப்பெட்டியில் ஜெயித்தவருக்குக் கிடைத்தது பெட்டி மட்டும்தான்.

அங்கோலா இதைவிட மோசம். ஒப்பந்தம் 1991-ல், தேர்தல் 1992 செப்டம்பரில். ஐ.நா. அனுப்பிய தேர்தல் பார்வையாளர்கள் சுமார் 400 பேர், அந்த நாடு தமிழ்நாட்டைப்போல் ஒன்பது மடங்குக்கு மேல் பெரியது. குழுவின் தலைவி மார்கரெட் ஆன்ஸ்டீ, அந்தத் தேர்தல் பணிக்கு ஒப்புதல் தந்த ஐ.நா. தீர்மானத்தின் எண் 747 என்பதை வைத்து, பெரிய ஜெட் விமானத்தை ஓட்டச் சொல்லிவிட்டுக் குட்டி விமானத்துக்கான எரிபொருளைக் கொடுத்திருக்கிறார்கள் என்று கிண்டலடித்தார். இரண்டு பக்கமும் படையைக் கலைக்காமலே வாக்குப்பதிவு நடந்தது. தோற்கப் போகிறோம் என்று தெரிந்ததும் கிளர்ச்சிப் படைத் தலைவர் சவிம்பி மறுபடி காட்டுக்குப் போனார். 2002-ல் அவர் கொல்லப்படும்வரை அந்தச் சண்டை முழுசாக ஓயவில்லை.

ஆக மூன்றாவது வழி வேண்டவே வேண்டாம். நன்கொடை நாடுகளுக்கு அது ஏன் பிடிக்கிறது என்பது புரிகிறது: வரிசையில் நிற்கும் கிழவியின் படம், மை வைத்த விரல், அவர்கள் நாட்டு நாடாளுமன்றத்தில் காட்ட ஒரு முடிவு தேதி. போஸ்னியாவில்கூட ஒப்பந்தம் முடிந்து ஒன்பதே மாதத்தில் தேர்தல் வைத்து, போரை நடத்திய அதே கட்சிகளுக்கு ஓட்டு முத்திரை குத்திக் கொடுத்தார்கள். அமெரிக்கத் துருப்புகள் ஒரு வருஷத்தில் திரும்பிவிடும் என்று வாஷிங்டனில் வாக்குக் கொடுத்திருந்தார்களே! (மை என்றதும் ஞாபகம் வருகிறது, நம் விரலில் வைக்கிற மைசூர் மைதான் கம்போடியா, நேபாளம் என்று பல நாடுகளுக்குப் போகிறது. அதுவும் ஒரு சர்வதேச உதவிதான், சத்தமில்லாத உதவி.)

இனி எனக்குப் பிடித்த வழி. அங்கோலா எரிந்துகொண்டிருந்தபோதே மொசாம்பிக்கில் சமாதானம் தொடங்கியிருந்தது. 1992 அக்டோபரில் ரோமில் ஒப்பந்தம், ஒரு வருஷத்தில் தேர்தல் என்று திட்டம். ஐ.நா. சார்பில் வந்த இத்தாலியர் ஆல்டோ அயெல்லோ, படையைக் கலைக்காமல் தேர்தல் கிடையாது என்று பிடிவாதமாகத் தள்ளிப்போட்டார். 1994 அக்டோபரில்தான் வாக்குப்பதிவு. செலவு சுமார் 50 கோடி டாலர், கம்போடியாவில் செய்ததில் மூன்றில் ஒரு பங்கு. இதில் இரண்டு காரியம் கவனிக்க வேண்டியவை. ஆயுதத்தைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போன படைவீரனுக்கு இரண்டு வருஷத்துக்குப் பணம். அதை அவன் சொந்த ஊருக்குப் பக்கத்து வங்கிக் கிளையில் போய் வாங்கிக்கொள்ளலாம். தளபதியைப் பார்த்துக் கை நீட்ட வேண்டியதில்லை, வங்கிக் குமாஸ்தாவைப் பார்த்தால் போதும். ஒரு படையைக் கலைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. இரண்டாவது, காட்டுக்குள் இருந்த ரெனாமோ என்ற கிளர்ச்சிக் குழுவை அரசியல் கட்சியாக மாற்ற ஒரு தனி நிதி; அலுவலகம், வாடகை, வண்டி, கோட்டு சூட்டு உட்பட. லஞ்சம் என்று சொன்னவர்கள் உண்டு. இருக்கட்டுமே. நாடாளுமன்றத்தில் 250-ல் 112 இடம் பிடித்து அவர்கள் உட்கார்ந்தார்கள், பதினெட்டு இருபது வருஷம் துப்பாக்கிச் சத்தம் பெரிதாக இல்லை. கோட்டு சூட்டு விலை குறைவுதான்.

அதற்காக மொசாம்பிக்கைத் தூக்கிப் பிடிக்கவும் முடியாது. அதே கட்சிதான் அன்றிலிருந்து இன்றுவரை ஆட்சியில். ஒளித்து வைத்த ஆயுதங்கள் 2013-ல் வெளியே வந்தன, 2024 தேர்தலுக்குப் பின் தெருவில் ரத்தம் சிந்தியது. தேர்தல் ஆணையத்தைக் கட்சிகளே பங்கு போட்டுக்கொண்டதை யாரும் சரி செய்யவில்லை. ஆயுதச் சாவிக்கு யோசித்த அளவு வாக்கு எண்ணும் மேஜைக்கு யோசிக்காமல் விட்டார்கள். அதைச் சரியாகச் செய்த இடம் சியரா லியோன். 2007 தேர்தலில் தேர்தல் ஆணையத் தலைவி கிறிஸ்டியானா தோர்ப், பதிவு செய்த வாக்காளரைவிட அதிக ஓட்டு விழுந்த 477 சாவடிகளின் முடிவைத் தூக்கிப் போட்டார். ஆளும் கட்சி தோற்றது. ஆணையத்துக்கு வெளியார் பணமும் ஆலோசனையும் இருந்தன. அந்த 477-ஐ ரத்து செய்த கையெழுத்து அந்த அம்மாவுடையது.

நேபாளத்துக்கு மீண்டும் வருவோம். அங்கே சமாதானத்தைப் பேசியவர்கள் நேபாளிகள். 2005 நவம்பரில் ஏழு கட்சிகளும் மாவோயிஸ்டுகளும் டெல்லியில் வைத்து 12 அம்ச உடன்பாட்டுக்கு வந்தார்கள், அதன்பிறகுதான் ஐ.நா.வுக்குக் கடிதம் போனது. ஆயுதத்தைக் கண்காணியுங்கள், போராளிகளைச் சரிபாருங்கள், தேர்தலுக்குத் தொழில்நுட்ப உதவி செய்யுங்கள் என்று அளவோடு கேட்டார்கள். ஐ.நா. சரிபார்த்து 19,602 பேரைப் போராளிகள் என்று ஏற்றுக்கொண்டது. 2008 ஏப்ரலில் தேர்தல், மாவோயிஸ்டுகள் 220 இடத்தோடு முதலிடம். 2013-ல் அடுத்த தேர்தலில் 80 இடத்தோடு மூன்றாமிடத்துக்குப் போனார்கள், முறைகேடு என்று கத்தினார்கள், அப்புறம் சபைக்கு வந்து உட்கார்ந்தார்கள். துப்பாக்கி பக்கம் யாரும் போகவில்லை. 2015-ல் அரசியலமைப்புச் சட்டம் வந்தது. இழுத்தடிப்பு இருந்தது, காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கு இன்னும் நியாயம் கிடைக்கவில்லை, 2025 செப்டம்பரில் இளைஞர்கள் கொதித்தெழுந்ததில் நாடாளுமன்றக் கட்டடமே எரிந்து அரசு கவிழ்ந்தது. எல்லாம் உண்மை. ஆனால் அந்த வாரத்திலும் இடைக்காலப் பிரதமராக முன்னாள் தலைமை நீதிபதி ஒருவரை உட்கார வைத்துத் தேர்தல் தேதி குறித்தார்களே தவிர, பழைய போர் திரும்பவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. அளவாகக் கேட்கிறோம் என்று வாயால் சொன்னால் போதாது. ஆப்கானிஸ்தானில் 2001-ல் ஐ.நா. தூதர் லக்தார் பிராஹிமி, ஐ.நா.வின் தடம் லேசாக இருக்கட்டும் என்றுதான் தொடங்கினார். ஐ.நா. தடம் லேசாக இருந்தது, மற்றவர்களுடையது இல்லை. உதவிப் பணத்தில் பெரும் பகுதி அரசின் பட்ஜெட்டுக்குள் வராமலே ஒப்பந்தக்காரர்கள் வழியே ஓடியது. ஊரான் வீட்டு நெய், யார் கணக்குக் கேட்பது? 2014 தேர்தல் தகராறில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் பறந்து வந்து, எண்பது லட்சம் ஓட்டையும் மறுதணிக்கை செய்யச் சொல்லி, கடைசியில் அரசியலமைப்பில் இல்லாத ஒரு பதவியை உண்டாக்கித் தோற்றவருக்குக் கொடுத்துச் சமாதானம் பண்ணினார். 2021 ஆகஸ்டில் என்ன ஆனது என்று சொல்ல வேண்டியதில்லை.

பணச் சாவிக்கு நான் காட்டக்கூடிய நல்ல உதாரணம் லைபீரியா. 2003-ல் போர் நின்றபின் வந்த இடைக்கால ஆட்சி கஜானாவைச் சுரண்டிய வேகத்தைப் பார்த்து மிரண்ட நன்கொடை நாடுகள், 2005 செப்டம்பரில் ஒரு ஏற்பாட்டில் கையெழுத்து வாங்கின. மத்திய வங்கி, துறைமுகம், விமான நிலையம், வனத்துறை என்று காசு புழங்கும் இடங்களில் ஒரு வெளிநாட்டு நிபுணர் உட்காருவார். லைபீரிய அதிகாரியின் கையெழுத்தோடு அவர் கையெழுத்தும் இருந்தால்தான் பணம் நகரும். நம் ஊர்ச் சங்கங்களில் தலைவரும் பொருளாளரும் சேர்ந்து செக்கில் கையெழுத்துப் போடுகிறோமே, அதேதான். இறையாண்மைக்கு இழுக்கு என்று கோபப்பட்டவர்கள் நிறைய, கோபத்தில் அர்த்தமும் இருந்தது. ஆனால் இந்தப் பேனாவால் தனியாக எதையும் எழுத முடியாது, தடுக்க மட்டுமே முடியும், முடிவுக் காலமும் இருந்தது. அடுத்து வந்த அதிபர் எல்லன் ஜான்சன் சர்லீஃப் ஆட்சி அதைச் சகித்துக்கொண்டது. 2010-ல் 460 கோடி டாலர் வெளிக்கடன் தள்ளுபடியானதற்கு, கணக்கு ஓரளவு நேரானதும் ஒரு காரணம். இந்தியாவின் மத்திய ரிசர்வ் போலீஸ் பெண்கள் படை 2007-லிருந்து 2016 வரை மன்ரோவியாவில் காவலுக்கு நின்றதும் இதே காலம்தான். லஞ்சம் ஒழிந்ததா? இல்லை. இரண்டாவது கையெழுத்து போனபின் பழைய பழக்கங்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பின.

ஆகவே நாளைக்கு ஒரு நாடு என்னிடம் வந்து கேட்டால் (யாரும் கேட்கப்போவதில்லை, இருந்தாலும்) ஆயுதத்துக்கு நேபாளத்துக் கன்டெய்னர், படையைக் கலைக்க மொசாம்பிக்கின் வங்கிக் கிளை, கஜானாவுக்கு லைபீரியாவின் இரண்டாவது கையெழுத்து, மூன்று தரப்பும் முறைத்துக்கொண்டு நிற்கிற சில்லறை விஷயங்களுக்கு மட்டும் போஸ்னியாவின் பேனா என்று பொறுக்கி எடுக்கச் சொல்வேன். தேர்தல் தேதியை இவற்றுக்குப் பிறகு குறிக்கச் சொல்வேன். நன்கொடை நாடுகள் முணுமுணுக்கும். இரண்டு வருஷம் தாமதமாகிறதே என்பார்கள். அங்கோலாவின் பத்து வருஷத்தை எடுத்துக் காட்டலாம்.

கால்பந்து ரசிகர்களுக்கு ஜார்ஜ் வியாவைத் தெரிந்திருக்கும், 1995-ல் பலோன் தோர் விருது வாங்கியவர். 2005-ல் லைபீரிய அதிபர் தேர்தலில் சர்லீஃபிடம் தோற்றபோது மோசடி என்றார், அவர் ஆட்கள் தெருவில் இறங்கிக் கல் எறிந்தார்கள், ஐ.நா. படை ஊரில் இருந்தது, அடங்கியது. 2017-ல் ஜெயித்தார். 2018 மார்ச்சில் ஐ.நா. படை மூட்டை கட்டிப் போய்விட்டது. 2023 நவம்பரில், வெளிநாட்டுப் படை யாரும் இல்லாமல் நடந்த தேர்தலில், அதிபராக இருந்துகொண்டே ஜோசஃப் போவாகாயிடம் 50.64-க்கு 49.36 என்ற கணக்கில் தோற்றார். வித்தியாசம் இருபதாயிரத்துச் சொச்சம் ஓட்டு. கடைசி எண்ணிக்கை முடியும்வரைகூடக் காத்திருக்கவில்லை; வாக்குப்பதிவு நடந்து மூன்றாம் நாள் ராத்திரியே போவாகாய்க்குத் தொலைபேசியில் வாழ்த்துச் சொல்லிவிட்டு, தோற்றுவிட்டேன் என்று நாட்டுக்கு அறிவித்தார்.